நாயும் நிலமும் நிழற்படமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

நமக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு, வளர்ப்பு நாய்களை இயற்கையோடு இயைத்துக் கலைநயத்துடன் படம் பிடித்தல் என்பதாகும். நிகழ்ச்சி நிரலில் இதனைக் கண்ட அன்பர் சிலர் புன்முறுவல் பூத்தனர். குறளும் சிலம்பும் முழங்க வேண்டிய தமிழ் மேடையில் நாய்க்கு என்ன இடம் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நாமோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வேயில் குமாஸ்தாவாகப் புகுந்து, பார்சல் ரசீது எழுதியே நாற்பது வயதைக் கடந்தோம். புலவர்க்குரிய நுட்பத்தை நம்மிடம் எதிர்பார்க்க வேண்டா. ஆயினும் அந்த வினாவுக்கு விடை சொல்லிவிட்டு மேலே செல்வதே முறை.

தமிழ் மேடையில் நாய்க்கு இடம் உண்டு. அந்த இடத்தை நம் முன்னோர் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கின்றனர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டினது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் போரில் மடிந்தான். அவனுடைய நாயின் பெயர் கோவிவன். அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்ற செய்தியை அக்கல் சொல்லுகிறது. வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அரசர் பலரின் பெயரை நாம் மறந்துவிட்டோம். ஆனால் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயரை இன்று இம்மேடையில் சொல்ல முடிகிறது. காரணம் என்ன? யாரோ ஒருவர் அதனை உற்றுப் பார்த்தார், உருவம் வடித்தார், பெயரையும் எழுதி வைத்தார்.

இன்னொரு சான்று நம் இருப்புப் பாதைக்கு அண்மையிலேயே தொடங்குகிறது. இரேணிகுண்டாவிலிருந்து புத்தூர், திருத்தணி வழியாக அரக்கோணம் சென்று, அங்கிருந்து காஞ்சிபுரம் பாதையில் திரும்பினால் தக்கோலம் வரும். 949ஆம் ஆண்டு அவ்வூரில் நடந்த பெரும்போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்தான். வென்ற இராட்டிரகூடர் பக்கத்தில் கங்க மன்னன் பூதுகனின் வீரனாக நின்று போரிட்டவன் மணலேரன். அவன் தன் வீரத்துக்குப் பரிசாகப் பொன்னையோ ஊரையோ முதலில் கேட்கவில்லை. காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்நாய் ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு பொருது, இரண்டும் ஒருங்கே மாண்டன. கருநாடக நாட்டின் ஆதகூரில் அதற்குக் கல் நாட்டினர். நாயும் பன்றியும் மோதும் காட்சி செதுக்கப்பட்ட அக்கல் இன்று பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மறுதிசையில் ஏர்ப்பேட்டைக் கடந்தால் காளத்தி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய கண்ணப்பர் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். திண்ணனார் கன்னி வேட்டைக்குப் புறப்படும்போது வேட்டை நாய்களும் உடன் புறப்படுகின்றன. ஒரு பன்றியைத் துரத்திச் சென்றதன் முடிவிலேயே அவர் பொன்முகலி ஆற்றையும் காளத்தி மலையையும் காண்கிறார். அந்தப் பொன்முகலியே நம் பக்கத்தில் இன்று சுவர்ணமுகி என்னும் பெயரோடு, பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் ஆறு. நாம் வேற்று மாநிலத்தில் பிழைக்க வந்தவர்கள் எனினும், நாம் வந்து சேர்ந்த நிலம் தமிழ்க் காப்பியத்துக்குப் புதிய நிலம் அன்று.

இச்சான்றுகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரு பொதுமை புலப்படும். கோவிவனைச் செதுக்கியவர் அதனை அதன் தலைவனோடு நிறுத்தினார். காளியைச் செதுக்கியவர் அதனைப் பன்றியோடு மோதவிட்டார். சேக்கிழார் நாய்களைக் காட்டுக்குள் ஓடவிட்டார். எவரும் நாயைத் தனியே பிரித்து எடுத்துப் பீடத்தில் உட்கார வைக்கவில்லை. நாய், அதன் தொழில், அது நிற்கும் நிலம் ஆகிய மூன்றும் ஒன்றாகத் தோன்றும்போதே அந்த நாய் உயிரோடு தோன்றுகிறது. நிழற்படக் கலைக்கும் இதுவே முதற்பாடம் என்பது நம் துணிபு. இன்று நாம் சொல்ல வந்ததும் இந்த ஒன்றே.

நிழற்படக் கருவி தோன்றிய காலத்தில் அதற்கு நாயைப் பிடிக்கும் ஆற்றல் இல்லை. 1838ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்து வீதி ஒன்றை டாகேர் என்பார் படம் எடுத்தார். ஒளி பதிவதற்குப் பல நிமிடங்கள் ஆனதால், வீதியில் சென்ற வண்டிகளும் மக்களும் படத்தில் பதியாமலே மறைந்து போயினர். காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள அசையாது நின்ற ஒருவர் உருவமே தெளிவாகப் பதிந்தது. அசையாத மனிதனுக்கே அந்நிலை என்றால், வாலை ஒரு கணமும் ஓய்த்து வைக்காத நாயின் நிலை என்னவாகும்?

இக்குறையைப் போக்கியவர்களில் முதன்மையானவர் மைபிரிட்ஜ். அவர் 1878இல் அமெரிக்க நாட்டில் குதிரையின் ஓட்டத்தைத் தொடர்படங்களாக எடுத்தார். 1887இல் விலங்குகளின் இயக்கம் பற்றி 781 படத்தட்டுகளை வெளியிட்டார். அவற்றுள் ஓடும் நாய்களும் உண்டு. வேட்டை நாய் முழு விரைவில் பாயும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை அதன் நான்கு கால்களும் தரையை விட்டு எழுகின்றன. உடலை நீட்டும்போது ஒரு முறை, வில்லைப் போல் வளைத்து மடக்கும்போது ஒரு முறை. குதிரைக்கோ ஒருமுறைதான். காலங்காலமாக நாயோடு வாழ்ந்த மனிதன் வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியாதிருந்த இந்த நுட்பத்தை நிழற்படம் காட்டிற்று. படம் என்பது அழகுக்கு மட்டும் உரியதன்று, அறிவுக்கும் உரியது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அந்தப் பாய்ச்சலுக்குரிய உடல் எவ்வாறு அமைந்தது? நம் நாட்டு நாய்களை நோக்கினால் விடை கிடைக்கும். தென்பாண்டி நாட்டின் வறண்ட சமவெளியில் முயல் வேட்டைக்குப் பழகியது சிப்பிப்பாறை நாய். ஒடுங்கிய வயிறு, நீண்ட கால்கள், ஆழ்ந்த மார்பு. திறந்த வெளியில் முயலைக் கண்ணால் கண்டு துரத்துவதற்கு ஏற்ற உடல் அது. அதனோடு நெருங்கிய உறவுடைய கன்னி நாய் கருநிறமும் செம்பழுப்பும் கலந்தது. மேற்கு மலையின் அடிவாரத்துக் கோம்பை நாய் உறுதியான கட்டுடையது. செம்பழுப்பு மேனி, கரிய முகவாய். இராசபாளையம் நாய் பால் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது; காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பெயர் பெற்றது. ஒவ்வொரு நாயின் உடலிலும் அது பிறந்த நிலத்தின் அளவுகள் எழுதப்பட்டிருக்கின்றன. குறிஞ்சி, முல்லை என நிலத்தைப் பகுத்து, அந்தந்த நிலத்துக்கு உரிய விலங்கையும் பறவையையும் கருப்பொருளாக வகுத்த இலக்கண மரபினர் நாம். நமக்கு இது விளங்காமற் போகுமோ?

2005ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இந்திய அஞ்சல் துறை நாய்களைப் பற்றி நான்கு அஞ்சல் தலைகளை வெளியிட்டது. இமயமலை ஆட்டுநாய், இராம்பூர் நாய், முதோள் நாய் ஆகியவற்றோடு நம் இராசபாளையமும் அவற்றுள் ஒன்று. அஞ்சல் துறையில் உயர்பதவி வகித்தவரும் இயற்கை ஆர்வலருமான சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாயினங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 2017இல் வெளிவந்தது. நம் காலனிப் பிள்ளைகளோ லாப்ரடார், பொமரேனியன் என்று விலைப்பட்டியல் போல ஒப்பிக்கின்றனர். கோம்பை என்றால் ஊரா உணவா என்று கேட்கின்றனர். இதில் பிள்ளைகள்மேல் குற்றம் இல்லை. அவர்களுக்குக் காட்டப்பட்ட படங்களில் அந்நாய்கள் இல்லை என்பதே காரணம்.

படம் எடுப்பதில் நமக்கு வழிகாட்டத் தக்க தமிழர் ஒருவரை இங்கே குறிப்பிடுவது கடமை. பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகனார் மா. கிருஷ்ணன் அவர்கள். 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950 முதல் தம் இறுதிக் காலம் வரை இயற்கையைப் பற்றி இடையறாது எழுதியவர். 1970இல் பத்மஸ்ரீ பெற்றவர். பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்துச் செய்த ஒரு காமிராவையே கையாண்டார். வண்ணப் படங்கள் பெருகிய காலத்திலும் கருப்பு வெள்ளையைக் கைவிடாதவர். அவருடைய யானைப் படத்தில் யானையோடு புல்லும் மரமும் நிழலும் இருக்கும். விலை உயர்ந்த கருவி இல்லையே என்று வருந்தும் நம் இளைஞர்களுக்கு அவர் வாழ்வே மறுமொழி.

மேல்நாட்டில் எலியட் எர்விட் என்னும் கலைஞர் 1928இல் பிறந்து 2023இல் மறைந்தார். 1974இல் நியூயார்க்கில் அவர் எடுத்த ஒரு படம் உலகப் புகழ் பெற்றது. காமிராவைத் தரையோடு தரையாக வைத்து எடுத்த படம் அது. ஒரு பக்கம் பெரிய நாயின் இரண்டு கால்கள், நடுவே ஒரு பெண்மணியின் காலணிகள், அருகில் தொப்பியணிந்த சின்னஞ்சிறு நாய். பெரிய நாயின் உடலும் இல்லை; பெண்மணியின் முகமும் இல்லை. நாயின் கண் உயரத்திலிருந்து உலகம் எப்படித் தோன்றும் என்பதை அப்படம் ஒரு நொடியில் உணர்த்திவிடுகிறது. நாமோ நின்றபடியே குனிந்து படம் எடுக்கிறோம். ஆகவே நம் படங்களில் நாயின் முதுகும் சிமெண்டுத் தரையும் பதிகின்றன; முகம் பதிவதில்லை. உட்கார வேண்டும், தேவையானால் மண்ணில் படுக்கவும் வேண்டும். வேட்டி அழுக்காகாமல் நல்ல நாய்ப்படம் கிட்டாது.

இனி, நம் காலனிக்குப் பொருந்தும் சில நடைமுறைகளைச் சொல்லுவோம்.

இரேணிகுண்டாவின் வெயிலை உங்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. நடுப்பகலில் நாயின் முகத்தில் கண்குழி கருநிழலாகிவிடும். தார்ச்சாலையோ அதன் பாதத்தைச் சுட்டுவிடும். சூரியன் எழுந்து ஒரு மணி நேரமும், மறைவதற்கு முன் ஒரு மணி நேரமுமே நமக்கு உரிய காலம். மாலையில் சேஷாசல மலைத்தொடர் நீலம் பூத்து நிற்கிறது. அம்மலையைப் பின்புலமாகக் கொண்டு, வேப்ப மரத்தடியில் மண்ணைப் பறித்துக் குளிர்ச்சி தேடிப் படுத்திருக்கும் ஒரு நாயைப் படம் எடுத்தால், கோடைக்காலம் முழுவதையும் அந்த ஒரு படமே சொல்லிவிடும்.

கருநாயை எடுக்கும்போது காமிரா தானாகவே ஒளியைக் கூட்டிச் சாம்பல் நிறமாக்கிவிடும். அப்போது ஒளியளவைச் சற்றுக் குறைக்க வேண்டும். வெண்ணாயை எடுக்கும்போது அதுவே ஒளியைக் குறைத்து மங்கலாக்கும். அப்போது கூட்ட வேண்டும். கைப்பேசியிலும் இதற்கு வசதி உண்டு. இரவில் ஃபிளாஷ் விளக்கைப் பயன்படுத்தினால், நாயின் விழித்திரைக்குப் பின்னுள்ள ஒளி திருப்பும் படலம் பளிச்சிட்டு, கண்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரிவது போலத் தோன்றும். அதனைத் தவிர்ப்பது நலம்.

எல்லாவற்றினும் முதன்மையானது பொறுமை. காமிராவின் கண்ணாடி, நாய்க்குத் தன்னை முறைத்துப் பார்க்கும் பெரிய கண்ணாகத் தோன்றலாம். முறைத்துப் பார்த்தல் நாய்களின் வழக்கில் சண்டைக்கு அழைப்பாகும். ஆதலின் முதலில் கருவியை முகர விடுங்கள். பின்னர்ப் பக்கவாட்டில் அமருங்கள். நாய் உங்களை மறந்து தன் வேலையைத் தொடங்கும். காது எழும், மூக்குக் காற்றைத் தேடும், தொலைவில் வரும் வண்டியின் அதிர்வு நமக்கு எட்டுமுன் அதற்கு எட்டும். அப்போது எடுங்கள். முற்காலத்தில் ஆக்ஃபா கிளிக் காமிரா வைத்திருந்தவர்களுக்கு ஒரு சுருளில் பன்னிரண்டு படமே கிடைக்கும். அந்தப் பஞ்சமே அவர்களைப் பார்க்கப் பழக்கியது. இன்று எண்ணிலடங்காப் படம் எடுக்கலாம். எண்ணம் மட்டும் குறைந்துவிட்டது.

செய்யலாகாதவை சிலவும் உண்டு. நாய்க்குச் சட்டையும் மூக்குக் கண்ணாடியும் மாட்டிச் சிரிக்க வைப்பதை மேல்நாட்டில் சிலர் கலையாகவே வளர்த்திருக்கின்றனர். அவர்கள் நாட்டுக் குளிரில் அது பொருந்தலாம். நம் வெயிலில் சட்டை மாட்டிய நாய் மூச்சிரைத்து நாவைத் தொங்கவிடும்; நாம் அது சிரிக்கிறது என்று எண்ணிக்கொள்வோம். நாய் உடலெங்கும் வியர்த்துக் குளிரும் பிராணி அன்று. வாயால் இரைத்தே வெப்பம் தணிக்கும். ஆசை காட்டச் சாக்லேட் கொடுப்பதும் கூடாது. அது நாய்க்கு நஞ்சு.

காட்டு ஓரத்துக்கு நாயை அழைத்துச் சென்று அவிழ்த்து விடுவதும் தகாது. நம் நாய்க்கு வரும் வெறிநோயும் பிற தொற்றுநோய்களும் செந்நாய், நரி முதலியவற்றைத் தாக்க வல்லவை. இயற்கையோடு இயைதல் என்பது இயற்கையின் எல்லையை அறிந்து நிற்பதும் ஆகும். ஆற்று மணலும் ஏரிக்கரையும் நமக்குப் போதும்.

இருப்புப் பாதை மீது நாயை நிறுத்திப் படம் எடுக்கும் வழக்கத்தை, இரயில்வே ஊழியர் என்னும் முறையில் வன்மையாகக் கண்டிக்கிறோம். 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி, உரிமையின்றி இருப்புப் பாதையில் நுழைவது ஆறு மாதம் வரை சிறைக்கோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ உரிய குற்றம். சட்டம் கிடக்கட்டும். வரும் வண்டிக்குப் பிரேக் போட்டாலும் அது உடனே நிற்காது என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளே அறியாவிட்டால் வேறு யார் அறிவார்?

அன்பர்களே! இதுவரை சொன்னது எடுக்கும் முறை. எடுத்த பின் என்ன என்பதே பெரிய வினா.

நம் வாழ்க்கை மாற்றல் உத்தரவில் தொங்கும் வாழ்க்கை. இன்று இரேணிகுண்டா, நாளை குந்தக்கல்லோ கூடூரோ. உத்தரவு வந்தவுடன் பாத்திரம் மூட்டையாகிறது. பீரோ லாரி ஏறுகிறது. பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் கைக்கு வருகிறது. நான்காண்டு வாசலில் படுத்துக் காவல் காத்த நாயோ வாசலிலேயே நிற்கிறது. புதிதாகக் குடிவருவோர் அதனை விரட்டுகின்றனர். அது குவார்ட்டர்ஸ் கதவையும் ஸ்டேஷன் சாலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நாட்கணக்கில் அலைகிறது. நம் காலனியில் இன்று தெருநாய் என்று நாம் பெயரிட்டு அழைக்கும் நாய்களில் எத்தனை, நேற்று ஒருவர் வீட்டில் தட்டு வைத்துச் சோறு உண்டவை என்பதை எண்ணிப் பாருங்கள். அவற்றின் படம் யாரோ ஒருவருடைய கைப்பேசியில் இன்னும் இருக்கும். நாய் இங்கே இருக்கும். படம் அங்கே இருக்கும். இதனை அன்பு என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

வழி இல்லாமல் இல்லை. முதல் வகுப்பில் ஒரு கூபே முழுவதையும் தமக்கே பதிவு செய்துகொண்டால் நாயை உடன் அழைத்துச் செல்ல விதி இடம் தருகிறது. அது இயலாதார்க்குக் கார்டின் பிரேக் வானில் நாய்ப் பெட்டி உண்டு. தடுப்பூசிச் சான்றும் மருத்துவர் சான்றும் கொண்டு முன்கூட்டியே பார்சல் ஆபீசுக்கு வந்தால் ஆவன செய்யலாம். தண்ணீரும் உணவும் நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். கட்டணம், ஒரு பிறந்த நாள் விருந்தின் செலவைவிடக் குறைவே. எவ்வகையிலும் இயலாவிடில், போகுமுன் ஒரு வீட்டாரிடம் கையோடு கை சேர்த்து ஒப்படைத்துச் செல்லுங்கள். வேரோடு பெயர்ந்து வந்து வேற்று மண்ணில் நிழல் தேடியவர்கள் நாம். விட்டுச் செல்லப்படுதல் என்றால் என்ன என்பதை நம்மினும் அறிந்தவர் யார்?

இறுதியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் கோலப் போட்டியோடும் பேச்சுப் போட்டியோடும் ஒரு நிழற்படக் காட்சியும் அமையட்டும். காலனி நாய்களின் படங்கள், பிள்ளைகள் எடுத்தவை. விதிகள் மூன்று போதும். ஒன்று, நாயோடு அது வாழும் இடமும் படத்தில் தெரிய வேண்டும்: வேப்ப மரமோ, தண்ணீர்த் தொட்டியோ, மலையோ, மணலோ. இரண்டு, அலங்காரம் கூடாது. மூன்று, படத்தின் கீழ் நாயின் பெயர் எழுதப்பட வேண்டும். பெயரில்லாத நாயாயின், படம் எடுத்த பிள்ளை பெயர் சூட்டி, அந்த ஆண்டு அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டதையும் குறித்திருக்க வேண்டும். கோவிவனுக்குக் கல் வெட்டியவர் செய்ததும் ஏறத்தாழ இதுவே. நமக்குக் கல் வேண்டா, உளியும் வேண்டா. கையில் இருக்கும் கருவியும் சிறிது பொறுமையும் போதும்.

பரிசுக்குரிய செலவில் ஒரு பங்கை நாம் ஏற்றுக்கொள்கிறோம். எஞ்சியதைத் தலைவர் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.